முக்தார் போட்ட கார்ட்

தேயிலைத் தோட்டத்தின் மூன்றாம் லயத்தில் எட்டு வீட்டு வாசலிலும் ஒப்பாரி. பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு மாரில் அடித்து அழுதார்கள். துரை குதிரையை விட்டு இறங்காமலே, லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கந்தையா நீட்டிய தபால் கார்டைப் பார்த்தார்.

கார்டின் நாலு மூலையிலும் கரி பூசியிருந்தது. சாவுச் சேதிக்கு அப்படித்தான் பூசி அனுப்புவார்கள் என்பது துரைக்கும் தெரியும். தமிழ் எழுத்துத்தான் அவருக்குத் தெரியாது.

"எட்டு வீட்டுக்கும் சாவா?"

"எல்லாம் ஒரே ஊருங்க தொரை. வாந்திபேதிங்க. கொத்தோட வாரிக்கிட்டுப் போயிருச்சு."

"சாவுக்குத்தான் லீவு. வேற ஒண்ணுக்கும் இல்லே. இன்னிக்கி மட்டும். நாளைக்கி எல்லாம் பெரட்டுக்கு வந்து வேலைக்கு நிக்கணும்."

ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் கொழுந்து எடுக்க வைக்கிற மனுசன் அவர். பெரிய மனது பண்ணிய தோரணையில் குதிரையைத் திருப்பினார்.

தண்ணீர்ப் பீலியடியில் துணிமூட்டையோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் முக்தார். ஓப்பநாயக்கக் கடைத்தெருவில் ஆறு மாதத்துக்கு முன் துணிக்கடை திறந்தவர். இந்தத் தீபாவளிக்கும் வியாபாரம் இல்லையென்றால் கடையை மூடிவிட்டு, இரத்தினபுரியில் மாமனாரின் மாணிக்கக் குழியில் சேறு அள்ளத்தான் போக வேண்டும். மாமனார் அதை வாய்விட்டே சொல்லியும் விட்டார், அதுவும் சோற்றுக்கு முன்னால் உட்கார வைத்து.

தோட்டத்துச் சனம் பெரிய கங்காணியின் கடையைத் தாண்டி வருவதில்லை. அதனால்தான் தபால்காரரிடம் பேர் கேட்டு, இந்த லயத்துக்கு வீட்டுக்கொன்றாகத் தன் கையாலேயே எழுதிப் போட்டார். 'புதுச் சேலைகள் வந்திருக்கின்றன. கங்காணி கடை விலையில் பாதி. நேரில் வந்து பாருங்கள்.'

கார்ட் போட்டு ஒரு கிழமை ஆகியும் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பொறுக்க மாட்டாமல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் அட்டைக்கடியோடு மலையேறி வந்தால், இங்கே இழவு.

இழவு வீட்டில் போய்ச் சேலையை விரிக்கவா? அவருக்கே கூசியது. காலடியில் சாக்கடை நாறியது. அதோடு எந்த வீட்டிலோ கருவாடு சுடுகிற வாடை வேறு வந்தது. பேசாமல் இறங்கிப் போய்விடலாம் என்று கந்தையாவைத் தாண்டும்போதுதான் அவன் கையிலிருந்த கார்ட் கண்ணில் பட்டது.

அது முக்தாரின் கையெழுத்து.

வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தார். கரிக்கு நடுவே அவர் எழுதிய புதுச் சேலை அப்படியே இருந்தது. இந்த லயத்தில் எழுத்து வாசிக்கத் தெரிந்தவன் கந்தையா ஒருவன்தான். அவன் வாசித்தால் அதுதான் கடிதம்.

எல்லாம் புரிந்துவிட்டது. வாடிக்கை வெளியே போய்விடக் கூடாதென்று கங்காணி செய்த வேலை இது. அதற்காக எட்டு வீட்டுத் தாய் தகப்பனை இந்தக் கந்தையா வாயாலேயே கொன்றிருக்கிறான். துக்கம் காக்கிற வீட்டில் தீபாவளிக்குப் புதுத்துணி எடுப்பார்களா? நெற்றிக் காசைத் திருடுகிறவன்கூட இவனைவிட மேல். அவனுக்குத் திருட ஒரு பிணமாவது வேண்டும்.

"நீ மனுசனா? கங்காணி எத்தின போத்தல் வாங்கித் தந்தான்?"

கந்தையா வெற்றிலையைக் குதப்பிச் சாக்கடையில் துப்பினான். அது முக்தார் உடுத்தியிருந்த வெள்ளைச் சாரத்தில் தெறித்தது.

"வாயப் பொத்துங்க. தொர இன்னும் வளைவு தாண்டல."

சீ, என்ன பிறவி இது. செய்த அயோக்கியத்தனத்துக்கு வெட்கமில்லை, துரை காதில் விழுந்துவிடுமே என்ற பயம்தான். அவனைத் தொட்டுத் தள்ளுவதற்குக்கூட முக்தாருக்கு அருவருப்பாக இருந்தது. விலகி நடந்து, கோடி வீட்டு வாசலில் புரண்டு அழுதுகொண்டிருந்த மூக்காயியிடம் போய்க் குனிந்தார்.

"தங்கச்சி, அழாதீங்க. ஒங்கட அம்மாக்கு ஒண்ணும் ஆகல்ல. இது என்ட கடைக் கார்ட். அந்த நாய் ஒங்களுக்குப் பொய்யா வாசிச்சீக்கான். எழும்புங்க, இப்பவே தொரைக்கிட்டப் போய்ச் செல்லுவம்."

மூக்காயியின் அழுகை நின்றது. அவள் கார்டைப் பார்க்கவில்லை. பாதையைத்தான் பார்த்தாள். குதிரை வளைவைத் தாண்டி மறைந்துவிட்டது.

எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். தலைமுடியை அள்ளிக் கொண்டை போட்டாள். பக்கத்து வீடுகளிலும் ஒவ்வொன்றாகச் சத்தம் அடங்கியது.

"எங்கம்மா செத்துப் பதினோரு வருசமாச்சு நானா."

முக்தார் கையிலிருந்த கார்டைக் காட்டினார். "பொறகு இந்த அழுகை?"

மூக்காயி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒங்க கடைக்கு வரத்தான் லீவு எடுத்தோம்."