நானூற்றுப் பதின்மூன்றாவது படம்

"நானூத்திப் பன்னெண்டு படம் கொடுத்தேன். இப்ப எண்ணிப் பார்த்தா நானூத்திப் பதிமூணு இருக்கு. அந்த ஒண்ணு எங்கேருந்து வந்துச்சு?"

தொப்பிக்காரர் மேஜையில் ஓங்கித் தட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த பென்டிரைவ்கள் குலுங்கின. அவருடைய சட்டைப் பையில் சிவப்பு உறை போட்ட ஹார்ட் டிஸ்க் துருத்திக்கொண்டிருந்தது. நேற்று கடையில் வேலை செய்யும் பெண் தன் கையாலேயே படங்களை ஏற்றிக் கொடுத்தது.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

பேருந்து நிலையத்தை ஒட்டிய அந்தச் சின்னக் கடையில் அவளுக்கு வேலை ஒன்றுதான். ஊர் சுற்ற வந்தவர்களின் கேமரா கார்டில் இருக்கும் படங்களை, வழியில் கேமரா தொலைந்தாலும் படம் தப்பட்டும் என்று, இன்னொரு பிரதி எடுத்துத் தருவது. "பென்டிரைவ் சின்னது, எங்கயாவது விழுந்துடும். ஹார்ட் டிஸ்க் கீழ விழுந்தா அவ்வளவுதான். ரெண்டுலயும் ஏத்தி, ஒண்ணைத் தோள்பையில, ஒண்ணைப் பெட்டியில வைங்க" என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பாள். கடைசியாக ஒன்று சேர்த்துக்கொள்வாள்: "இன்னைக்கே ஒரு தடவை திறந்து, எல்லாப் படத்தையும் பார்த்துடுங்க சார்."

எவ்வளவு பொறுப்பான பெண் என்று மெச்சிவிட்டுப் போவார்கள். திறந்துதான் பார்க்க மாட்டார்கள். பேக்கப்பைத் திறந்து பார்க்கிற புண்ணியவான் உலகத்தில் எத்தனை பேர்?

அந்த அதிகப்படிப் படம் அவளுடையது. ராத்திரியில், விற்பனைக்கு இருந்த கேமராவில் தன்னைத் தானே எடுத்துக்கொண்டது. கையில் ஒரு தாள் பிடித்திருந்தாள்: 'என்னை இந்தக் கடையில் அடைத்து வைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது. காப்பாற்றுங்கள்.' முதலில் கடைசிப் படமாகச் சேர்த்துப் பார்த்தாள். ஒரு பலனும் இல்லை. பிறகு நடுவில் செருக ஆரம்பித்தாள்.

கடல் கடந்து இங்கே வேலைக்கு வந்த அன்றே, "பத்திரமா இருக்கட்டும்" என்று பாஸ்போர்ட்டை வாங்கி இழுப்பறையில் பூட்டினார் முதலாளி. பதினாலு மாதம் ஓடிவிட்டது. பகல் முழுக்க எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கடை மூடினால் ஷட்டரை வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு போவார்; பின்னால் இருக்கும் அறையில் அவள் படுத்துக்கொள்ள வேண்டும். போன் கிடையாது, கம்ப்யூட்டரில் இணையம் கிடையாது. அந்தக் கடையிலிருந்து வெளியே போக முடிந்தது டிரைவ்கள் மட்டும்தான்.

இத்தனை நாளில் முதல் தடவையாக ஒருவர் திறந்து பார்த்திருக்கிறார். பார்த்த மனுஷன் நேராக முதலாளியிடமே வந்து பஞ்சாயத்து வைக்கிறார்! அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"யாரோட படம் சார்?" முதலாளி எழுந்து வந்தார். "காட்டுங்க, பார்ப்போம்."

"டிஸ்க் லாட்ஜுல இருக்கு." தொப்பிக்காரர் சட்டைப் பையைக் கையால் மறைத்துக்கொண்டார். "யாரா இருந்தா உங்களுக்கு என்ன? எங்க வீட்டு ஆளு இல்ல. இதே மாதிரி என் பொண்டாட்டி பிள்ளைங்க படம் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்துச்சோ!"

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "என்ன பண்ணித் தொலைச்ச?"

"தெரியல சார்... யாரோடதோ கலந்திருக்கும்." அவள் கம்ப்யூட்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இரு, உன்னை அப்புறம் கவனிச்சுக்கிறேன்" என்று பல்லைக் கடித்தவர், இந்தப் பக்கம் திரும்பும்போது அதே பல்லைக் காட்டினார். "சார், புதுசா ஒரு டிஸ்க் சும்மாவே தர்றேன். இதோட விட்டுடுங்களேன்."

"உங்க டிஸ்க் யாருக்கு வேணும்? பஸ் நிலைய ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறேன். நாளைக்கே கடையைக் காலி பண்ண வைக்கல, பாருங்க."

முதலாளியின் முகம் சுண்டிப்போனது. "ஐயையோ சார், நான் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்ல! எல்லாம் இவ பண்ற வேலை. இவ பேருல எழுதிக் கொடுங்க."

"பேரை வாயால யார் வேணா சொல்லலாம். அத்தாட்சி வேணும். இல்லேன்னா உங்க பேருலதான் போகும்."

முதலாளி ஒரு நொடிதான் யோசித்தார். தன் கழுத்துக்குக் கத்தி வந்தால் யார் கழுத்தை நீட்டலாம் என்பதில் அவர் எப்போதுமே தாமதிப்பதில்லை. இடுப்பிலிருந்து சாவியை உருவி, இழுப்பறையைத் திறந்து, பாஸ்போர்ட்டை மேஜை மேல் போட்டார்.

"நம்பரைப் பார்த்து எழுதிக்குங்க சார். நீங்க சொன்னா இவளை இன்னைக்கே நாலு அறை விடறேன்."

கைக்கெட்டும் தூரத்தில் கிடந்த அந்தச் சின்னப் புத்தகத்தை அவள் பார்த்தாள். எடுக்கத் துணிவில்லை. இனிமேல் இந்தப் படம் செருகி அனுப்புகிற வழியும் அடைபட்டது, புகார் வேறு சேர்ந்துகொண்டது, இந்த ஜென்மத்தில் தனக்கு விடிவில்லை என்று மனசு விட்டுப்போய்த் தலையைக் குனிந்துகொண்டாள்.

தொப்பிக்காரர் பாஸ்போர்ட்டைப் பிரித்தார். அதிலிருந்த படத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எதையும் எழுதவில்லை. மேஜையைச் சுற்றி வந்து, அதை அவள் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"கெளம்பும்மா, போலீஸ் வாசல்லதான் நிக்குது."