திடீர் சோதனை

திண்டிவனம் எண்ணெய் மில்லில் மேனேஜர் ஆதிநாராயணன் மல்லாட்டைக் கடலை எண்ணெயோடு பாமாயிலைக் கலக்கிறான் என்று விழுப்புரத்துச் சமண முதலாளி ரிஷபநாத நயினாருக்குச் சந்தேகம். ஆனால், திடீர் சோதனைக்குப் போகும்போதெல்லாம் மில் கோயில் மாதிரி சுத்தமாக இருந்தது. யாரோ முன்கூட்டியே சேதி சொல்கிறார்கள் என்று இரண்டு குமாஸ்தாக்களை வீட்டுக்கு அனுப்பியும் ஆயிற்று.

இந்தத் தடவை, மிச்சமிருந்த குமாஸ்தா தட்சிணாமூர்த்தியிடம் மட்டும் சொன்னார்.

"நாலு மணி பஸ்ல போறோம். சேதி கசிஞ்சுது, உன் சீட்டு கிழிஞ்சுது!"

"சத்தியமா வாயத் தெறக்கமாட்டேங்க முதலாளி!"

போய் இறங்கினால், டின் டின்னாகச் சுத்தமான மல்லாட்டை எண்ணெய். வாசலில் ஆதிநாராயணன் கைகூப்பிக்கொண்டு நின்றான்.

நயினார் தட்சிணாமூர்த்தியின் சட்டையைப் பிடித்தார். "நீதானடா சொன்ன?"

"அவர ஏங்க பேஜார் பண்றீங்க?" என்றான் ஆதிநாராயணன், தலைவாழை இலையைப் போட்டபடி. "எப்பவும் உங்க வீட்டம்மாதானே போன் பண்ணுவாங்க! 'பொழுது சாஞ்சா அவரு சாப்பிடமாட்டாரு, ஜல்தியா சோறாக்கி வெச்சுக்கினு இரு'ன்னு."

மேற்கே பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. நயினார் சட்டையை விட்டுவிட்டு இலை முன் உட்கார்ந்தார்.

குமாஸ்தாவை வீட்டுக்கு அனுப்பலாம். வீட்டம்மாவை எந்த வீட்டுக்கு அனுப்புவது?