பேஸ் திருட்டு

திருடன் யார் என்பது அவளுக்கு மூன்றாவது பாட்டிலேயே தெரிந்துவிட்டது. ஆறாவது பாட்டு வரை பொறுத்திருந்ததற்குக் காரணம், ஆதாரமில்லாமல் பேசக் கூடாது என்று இயற்பியல் பட்டப்படிப்பு கற்றுக்கொடுத்திருந்ததுதான். இன்னொரு காரணம், முதலாளியின் அறைக் கதவைத் தட்டக் கூச்சம்.

அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் பாட்டு மிக்ஸ் பண்ண, அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலக்க, இரண்டே பேர். ஒருவர் ஹெட்போன் அண்ணா. இருபது வருடமாக ஒரே ஹெட்போன். கிழிந்த காதுமெத்தையில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். இன்னொருத்தி, சேர்ந்து இரண்டு மாதமே ஆன அவள். முதல் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து, காதுக்குள் செருகும் இன்-இயர் வாங்கியிருந்தாள். செருகிவிட்டால் வெளிச்சத்தம் உள்ளே வராது, உள்ளே ஒலிப்பது ஊசி முனை போலத் துல்லியமாகக் கேட்கும் என்றது விளம்பரம். அவள் நம்பினாள்.

"இதுலயும் ஒரு தடவை கேட்டுப் பாரும்மா" என்று அண்ணா அடிக்கடி தன் ஹெட்போனை நீட்டுவார். அவள் சிரித்து மழுப்பிவிட்டு, 'பொறாமை' என்று மனதுக்குள் குறித்துக்கொள்வாள்.

குற்றம் இதுதான். அவள் முடித்து வைக்கும் பாட்டை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரோ திறந்து பேஸைக் குறைத்துவிடுகிறார்கள். வயிற்றில் வந்து மோத வேண்டிய அடிச்சத்தம் சாயங்காலம் கேட்டால் வடிந்துபோயிருக்கும். அதற்குள் பாட்டு வாடிக்கையாளருக்குப் போய்விட்டிருக்கும். அனுப்புகிறவர் அண்ணாதான். மாதக் கடைசியில் அவளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முதலாளி முடிவு செய்யப்போகிறார். இந்த நிலையில் பாட்டில் பேஸ் இல்லையென்றால்?

துப்பறியத் தொடங்கினாள். ஒவ்வொரு பாட்டிலும் கடைசியாகக் கை வைக்கப்பட்ட நேரம் ஒன்றேகாலுக்கும் ஒன்றரைக்கும் நடுவில். அந்த நேரத்தில் அறையில் இருப்பவர் அண்ணா மட்டும். கட்டம் போட்டு அட்டவணையாக எழுதினாள். கல்லூரிச் சோதனைக் குறிப்பேட்டைக்கூட அவள் அவ்வளவு சுத்தமாக எழுதியதில்லை.

அசைக்க முடியாத ஆதாரம் திங்கட்கிழமை கிடைத்தது. இன்-இயரைச் செருகியபடி, பாட்டை நிறுத்திவிட்டு யோசித்துக்கொண்டிருந்தாள். நாலடி தள்ளி அண்ணா போனில் தன் மனைவியிடம் கிசுகிசுத்தார். "இன்னிக்கும் கை வச்சுட்டேன். அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. மாசக் கடைசி வரைக்கும்தானே."

அவள் திரும்பாமல் முழுவதையும் கேட்டாள். தன் காதின் கூர்மையை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

ஏழாவது பாட்டுக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டினாள். செவ்வாய்க்கிழமை தானே அனுப்பினாள். புதன்கிழமை காலை முதலாளியின் கதவைத் தட்டினாள்.

மேசைமேல் அவளுடைய நியமனக் கடிதம், கையெழுத்தோடு.

"அந்த ஆறு பாட்டைக் கேட்டுத்தாம்மா கையெழுத்துப் போட்டேன்" என்றார் முதலாளி. "நேத்து போனதுதான் என்னவோ... சரி, நீ என்ன சொல்ல வந்தே?"

"என் பாட்டுல ஒருத்தர் கை வைக்கிறார் சார்."

அட்டவணையை நீட்டினாள். கிசுகிசுப்பைச் சொல் மாறாமல் ஒப்பித்தாள். முதலாளி அண்ணாவைக் கூப்பிட்டார்.

"நீயாய்யா?"

"நான்தான் சார்."

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. குறுக்கு விசாரணைக்கு நாலு கேள்வி எழுதி வைத்திருந்தாள்.

"ஏன்?"

"தேவைக்கு மேல மூணு மடங்கு பேஸ் ஏத்தி வச்சிருந்தா சார். அப்படியே போயிருந்தா ரெண்டாவது பாட்டுலயே இவளை வீட்டுக்கு அனுப்பிச்சிருப்பீங்க. ஹெட்போன்ல கேளுன்னேன், கேக்கல. அதான் நானே இறக்கிட்டிருந்தேன்."

"நேத்து இறக்கலையா? பாட்டைப் போட்டா காரோட கதவு கழண்டு விழற மாதிரி அதிருதுன்னு காலையில வாடிக்கையாளர் போன்."

"நேத்து பூட்டு போட்டுட்டா சார்."

"என் இன்-இயர்ல சரியாத்தான் இருந்துச்சு" என்றாள் அவள்.

முதலாளி அட்டவணையைக் கீழே வைத்தார். "ஏம்மா, அதைச் செருகினா வெளிய பேசறது கேக்காதுன்னுதானே வாங்கினே? இவன் முணுமுணுத்தது உனக்கு எப்படிக் கேட்டுச்சு?"

இயற்பியல் பட்டதாரி பையிலிருந்து இன்-இயர் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அண்ணாதான் சொன்னார். "நுனியில மாட்டியிருக்கற ரப்பர் சின்னது சார், காதை அடைக்கல. அந்தச் சந்து வழியா வெளிச்சத்தம் உள்ள வருது, பேஸ் வெளிய போயிடுது. இவ பத்தலைன்னு ஏத்திக்கிட்டே போறா. பெட்டியில பெரிய ரப்பரும் இருக்கும், பாரும்மா."

இருந்தது, பிரிக்காத உறைக்குள். உறைமேல் 'முதலில் இதைப் படிக்கவும்' என்று ஒரு தாள். பெரிய ரப்பரை மாட்டி, இரண்டு காதிலும் இன்-இயரை அழுத்திச் செருகினாள்.

முதலாளி நியமனக் கடிதத்தை எடுத்து மேசை டிராயருக்குள் வைத்துக்கொண்டே அவளைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார்; இரண்டு மாதத்தில் முதல் முறையாக அவளுக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.