பின்சீட்டுச் சத்தம்

ராலிப் பந்தயத்தில் ஓடுகிற ஜப்பான் காரின் ஜாடை இருக்கிறது என்றுதான் அர்ஷத் அந்தச் சிவப்பு லேன்சரை வாங்கினான். ஆனால் வாரம் தவறாமல் பின்னாலிருந்து லொடலொடவென்று ஒரு சத்தம்.

"ஓட்டுறவனுக்கு எங்கேந்து வருதுன்னு தெரியாது. பின்னாடி ஒருத்தர் குந்திகினு கேக்கணும்" என்றார் மெக்கானிக் ஜெயராஜ்.

உம்மாவிடம் சொன்னான்.

"கல்யாணமாயி ஆறு மாசம் ஆவல, ஜோடியா ஊர் சுத்தக் கூடாது. ரிப்பேர் வேலைன்னா அஃப்ஸானாவ இட்டுகினு போ."

தையல் மிஷினை அப்படியே விட்டுவிட்டு மனைவி அஃப்ஸானா வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

ஊத்துக்கோட்டை ரோட்டில் வண்டி பறந்தது.

"இன்னா, கேக்குதா?"

"சரியா புடிபடலைங்க. இன்னும் கொஞ்சம் வேகமா போங்களேன்."

இப்படியே எட்டு ஞாயிறு போயிற்று. ஜெயராஜ் வண்டிக்கு அடியில் மாற்றாத சாமான் இல்லை. வெறுத்துப்போன அர்ஷத், காரை விற்றுவிடத் துணிந்தான்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆள் வரவேண்டிய காலையில், டிக்கியைத் துடைக்க ஸ்டெப்னியைத் தூக்கினான்.

அடியில் ஒரு தகர டப்பா. உள்ளே தையல் மிஷின் பாபின் நாலு.

நிமிர்ந்து பார்த்தான். ஜன்னலில் நின்ற அஃப்ஸானா சட்டென்று முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்தாள்.

"வாங்குறவரு வந்துட்டாருடா! சத்தம் நின்னுச்சா?" உள்ளிருந்து உம்மா.

டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்து ஸ்டெப்னியால் மூடினான் அர்ஷத்.

"எங்க நின்னுச்சு உம்மா! முன்னைக்கு இப்ப ஜாஸ்தி. இத்தப் போயி யார் தலைல கட்டுறது? அவர அனுப்பிட்டு, அஃப்ஸானாவ ரெடியாவச் சொல்லு."