மெமரி தீர்ந்தபோது

“என் ஃபைல்ல உனக்கு என்ன வேலை, உத்தமன்?”

ரூபினி போட்ட சத்தத்தில் அந்தத் தளமே திரும்பிப் பார்த்தது.

“நீ மட்டும்? நேத்து நீ என் ஃபைலைத் தொடலை?”

பெங்களூரு வைட்ஃபீல்ட் ஆபீஸில் இருவரும் புதிதாகச் சேர்ந்தவர்கள். இல்லாத நெட்வொர்க் கார்டை இருப்பதுபோல் காட்டும் டிரைவர் புரோகிராமை ஆளுக்குப் பாதியாக எழுதியிருந்தார்கள். மெமரி தீர்ந்துபோனாலும் மெஷின் கிராஷ் ஆகக் கூடாது. டீம் லீட் டோரீன் இன்று அதைத்தான் சோதித்தார். கிராஷ் ஆகிவிட்டது.

மார்க்கெட் மந்தம். இருவரில் ஒருவருக்குத்தான் வேலை நிரந்தரம் என்று போன வாரமே சொல்லியாயிற்று.

“ஒரு சீட்டுக்கு ரெண்டு பேர்னா இப்படித்தான். ஒருத்தரை ஒருத்தர் கவுக்கறாங்க,” என்று பக்கத்து மேஜை வீணா முணுமுணுத்தாள்.

“சும்னே கத்தாதீங்க. ரெண்டு பேரும் இங்க வாங்க.” கன்னடம் கலந்த தமிழில் அதட்டிவிட்டு டோரீன் இரண்டு ஃபைல்களையும் திறந்தார்.

“மெமரி கிடைக்கலைன்னா, அதுவரைக்கும் வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துடணும். ரெண்டு பேருமே முதல்ல அதை விட்டுட்டீங்க. ரூபினி, அவன் ஃபைல்ல நீ என்ன சேர்த்தே?”

“திருப்பிக் கொடுக்கற வரி, மேடம். அவன் மறந்துட்டான்னு நினைச்சேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே? அவன் தப்பு பண்ணா உனக்கு நல்லதுதானே?”

ரூபினி தயங்கினாள். “அதனாலதான் சொல்லலை மேடம். எங்க வீட்டைப் போலதான் அவன் வீடும். படிச்சு வேலைக்கு வந்தது அவன் ஒருத்தன்தான்.”

உத்தமன் அவளையே பார்த்தான்.

“நீ என்னப்பா சேர்த்தே?”

“அதே வரிதான் மேடம். அவ ஃபைல்ல.”

டோரீன் சிரித்துவிட்டார். “அப்புறம் அவங்கவங்க ஃபைல்ல நீங்களும் அதையே சேர்த்திருக்கீங்க. திருப்பிக் கொடுத்ததையே மறுபடி கொடுத்தா மெஷின் பாவம், என்ன செய்யும்?”

போன் அடித்தது. மேனேஜர் ஜெயராமன்.

“யாரை வீட்டுக்கு அனுப்பறோம் டோரீன்?”

“யாரையும் இல்லை சார். எனக்குத் தர்றதாச் சொன்ன புது ஆள் வேண்டாம். அந்த இடத்தையும் சேர்த்து இவங்க ரெண்டு பேரையுமே வெச்சுக்கறேன்.”

“சரி, வெச்சுக்கங்க. ஆனா போட்டியில ஜெயிச்சது யாரு?”

“போட்டி வெச்சது நாமதான் சார். இவங்க ரெண்டு பேரும் கலந்துக்கவே இல்லை.”