இருபத்திரண்டுக்குக் கீழே

கொலராடோ மலைச்சரிவில் பிரேக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் வெண்டல், ஓர் அம்மாள் கொண்டுவந்த பிரேக் டிஸ்க்கின் கனத்தை மைக்ரோமீட்டரை வைத்து அளந்து பார்த்தார்.

“இருபத்திரண்டு மில்லிமீட்டராவது இருக்கணும்மா. இது இருபத்தொண்ணு. என் தலை மாதிரி, இனி சீவ ஒண்ணுமில்லை.”

“லேத்துல மாட்டி லேசா ஒரு தடவை கடைஞ்சா?”

“பளபளன்னு ஆயிடும். ஆனா மலை இறங்கும்போது சூடேறி உடைஞ்சிடும்.”

“புது டிஸ்க் திங்கட்கிழமைதான் வரும், இன்னிக்கே டென்வர் போயாகணும்னு ஒரு பொண்ணு கெஞ்சினா?”

“அழுதாலும் முடியாதுன்னுடுவேன். பிரேக்குக்கு இரக்கம் தெரியாதும்மா.”

அந்த அம்மாள் டிஸ்க்கைப் புரட்டி வைத்தாள். தான் கடைந்த ஒவ்வொரு டிஸ்க்கின் உட்புறத்திலும் தேதியையும் தன் பெயரின் முதலெழுத்தையும் பொறித்து வைப்பது வெண்டலின் வழக்கம். அங்கே அவருடைய எழுத்து இருந்தது. போன வெள்ளிக்கிழமைத் தேதி.

“மறு சக்கரத்துல இருந்த இதோட ஜோடி மலை வளைவுல மூணு துண்டாயிடுச்சு. கார் பள்ளத்துல கிடந்துச்சு” என்றாள்.

வெண்டல் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

“கிளம்பும்போது என் பொண்ணு போன் பண்ணினா. ‘முடியாதுன்னுதான் சொன்னார், நான் அழுததும் மனசு இறங்கிட்டார். ரொம்ப நல்ல மனுஷன்மா’ன்னு சொன்னா.”