நடு ஆள் மேல் விழுந்த முத்திரை

"முத்திரைய வலது பக்கம் கீழ் மூலைல போடுன்னா, மூஞ்சி மேலயா போடுவாங்க?"

பட்டாபிராமில் பைக்கைக் கிளப்பும்போதே சம்பத் கொதித்துக்கொண்டிருந்தார். ரயில்வே வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் அவர். சங்கத்தின் பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து, சங்க முத்திரை பதித்து, உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடும் வேலை தஸ்லீமுடையது. கரையான்சாவடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அவளும் உறுப்பினர்தான். ரயில்வே குடும்பம் இல்லை. அவள் அத்தா பூந்தமல்லியில் தள்ளுவண்டியில் பழம் விற்றவர். ஆர்வமான பெண்ணாயிற்றே என்று சம்பத்தே பெரிய மனசு பண்ணிச் சேர்த்துக்கொண்டார்.

அவளிடம் கொடுத்திருக்கும் பெட்டியில் உள்ள ஒரு படத்தையும் விடக்கூடாது, ஒரு முகமும் மறையக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

காலையில் வந்த படத்தில் நடு ஆள் மேல், தலையிலிருந்து இடுப்புவரை முத்திரை. அதுவும் எந்தப் படத்தில்? எழுபத்து நாலு ரயில்வே ஸ்ட்ரைக்கில் சேராமல் வேலைக்குப் போனவர்களுக்கு அதிகாரி பரிசு கொடுக்கும் படத்தில்.

சம்பத்துக்கு அந்த ஸ்ட்ரைக் என்றால் உயிர். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா தலைமறைவாகத் திரிந்து போராடிய கதையைச் சொல்லாமல் ஒரு கூட்டமும் முடிந்ததில்லை. கூட்டம் நடப்பதும் அவர் வீட்டு ஹாலில்தான். மாலை போட்ட அப்பா படமும், ஸ்ட்ரைக் முடிந்ததும் அப்பா ஆசையாக வாங்கிய சுவர்க்கடிகாரமும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

குழுவில் ஆளாளுக்குக் கேட்டுவிட்டார்கள். ஸ்ட்ரைக்கை உடைத்த அந்தக் கருங்காலி யாரென்று சாயந்திரத்துக்குள் காட்டுகிறேன் என்று சம்பத்தும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஸ்டுடியோவுக்குள் நுழைந்து கேட்டால், கை தவறிவிட்டது என்றாள் தஸ்லீம். மாற்றிப் போடு என்றார். ஃபைல் அழிந்துவிட்டது என்றாள். அவருக்குச் சந்தேகம் தட்டியது.

"இன்னாம்மா, உங்க ஊட்டு ஆளா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்படியே வச்சுக்கங்கண்ணே. குரூப்லயும் அப்படியே சொல்லிடுங்க."

சம்பத்துக்கு வெறுத்துப்போயிற்று. ஒரு கருங்காலிக் குடும்பத்தையா இத்தனை நாள் ஹாலில் உட்காரவைத்து காபி கொடுத்தோம்? இனி இந்த வேலையும் வேண்டாம், சங்கத்துப் பக்கமும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படப்பெட்டியை இழுத்தார். அவள் விடவில்லை. வேணாண்ணே, வேணாண்ணே என்றாள். அவர் கேட்டால்தானே?

அசல் படம் மேலாகவே இருந்தது. அதிகாரி கையிலிருந்து குனிந்து பரிசு வாங்கிக்கொண்டிருந்தார் சம்பத்தின் அப்பா. பரிசு, வீட்டு ஹாலில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிற அதே சுவர்க்கடிகாரம்.

சம்பத் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். செல்போன் ஒலித்தது. குழுவில் உறுப்பினர் நிர்மல் கேட்டிருந்தார், கருங்காலி மாட்டினானா என்று. சம்பத் செல்போனை அணைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"உங்க ஹால்ல மாலை போட்ட படத்த மாசாமாசம் பாக்குறேனேண்ணே," என்றாள் தஸ்லீம் மெதுவாக.

"அதுக்கு உனக்கு இன்னாத்துக்கும்மா இந்தப் பழி?"

"ஊட்ல கைக்கொயந்த. அடுப்பு எரியணும்னு போயிருப்பாரு. வேலைக்குப் போனவங்கள எங்க அத்தா ஒரு வார்த்த திட்ட மாட்டாரு."

சம்பத் நிமிர்ந்தார். "பழம் வித்தவருக்கு ஸ்ட்ரைக்கப் பத்தி இன்னா தெரியும்?"

தஸ்லீம் படத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"அவரும் ரயில்வே ஷெட்ல ஃபிட்டர்தாண்ணே. அந்த ஸ்ட்ரைக்ல நின்னு வேல போனதுக்கப்புறம்தான் தள்ளுவண்டி."